வெறுங்கையோடு வந்த ஆசிரியர்

கராத்தே என்னும் சொல் இன்று நம் சிற்றூர்ச் சிறுவர்க்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. பள்ளி விடுமுறை நாள்களில் வெள்ளுடை தரித்து, இடையில் வார் கட்டி, வரிசையாக நின்று காற்றைக் குத்தும் பிள்ளைகளை நகரங்களில் மட்டுமன்றிப் பேரூர்களிலும் காண்கிறோம். இக்கலையை இப்போதுள்ள வடிவில் உலகறியச் செய்தவர் யாவர் என வினவின், திரைப்பட நடிகர் ஒருவரின் பெயரே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது. உண்மையில் அவர் நடிகரும் அல்லர், படைவீரரும் அல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்ற ஒரு பள்ளியாசிரியர் அவர். கிச்சின் ஃபுனகோஷி என்னும் அப்பெரியாரின் வாழ்வை, ஆசிரியரும் மாணாக்கரும் கூடியிருக்கும் இம்மலரில் ஒருவாறு எடுத்துரைப்பது பொருந்தும் என எண்ணுகிறோம்.

அவர் பிறந்த மண்ணை முதற்கண் அறிதல் வேண்டும். ஜப்பானின் பெருந்தீவுகளுக்குத் தெற்கே, சீனக் கடலின் ஓரத்தில், மணிகளைச் சிதறவிட்டாற்போல் கிடக்கும் தீவுக் கூட்டம் ரியூக்யூ. அவற்றுள் பெரியது ஒகினாவா. ஷுரி என்னும் நகரைத் தலைநகராகக் கொண்டு அங்கே தனியரசு நடந்தது. சீனத்தோடு அவ்வரசு நெடுங்காலம் வாணிகமும் தூதும் நடத்தியது. 1609இல் ஜப்பானின் சத்சுமா குலத்தார் படையெடுத்து அதனைத் தம் மேலாண்மைக்கு உட்படுத்தினர். 1879இல் மெய்ஜி அரசு மன்னரைத் தோக்கியோவுக்கு அழைத்துக்கொண்டு, தீவுகளைத் தன் மாநிலங்களுள் ஒன்றாக்கிவிட்டது. படைக்கலம் ஏந்தத் தடையிருந்தமையால் அம்மக்கள் கைகளையே கருவியாக்கிக்கொண்டனர் என்பது அத்தீவின் மரபுச் செய்தி. அது முழுதும் வரலாறாகாது என்று கூறும் அறிஞரும் உளர். சீனத்திலிருந்து வந்த கைப்போர் முறையும் தீவில் முன்பே இருந்த முறையும் ஒன்றுகூடி வளர்ந்ததே இக்கலை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. சீனர் கைமுட்டிப் போர்முறைக்கு வழங்கிய பெயரை ஜப்பானியர் கென்போ என ஒலித்தனர். முட்டியின் நெறி என்பது அதன் பொருள். நம் நாட்டுக் குத்துவரிசையை நினைந்துகொண்டால் இதன் தன்மை எளிதில் விளங்கும்.

ஃபுனகோஷி 1868ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள் ஷுரியில், செல்வம் குன்றிய ஒரு மேற்குடியிற் பிறந்தார். குறைமாதப் பிள்ளை, பிழைப்பது அரிது என்றே உறவினர் கருதினராம். தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்த அவர், சீனப் பேரிலக்கியங்களை அங்கே கற்றார். தந்தையார் கம்பு சுற்றுவதில் வல்லவர். ஆயின் குடிப்பழக்கத்தால் இருந்த சிறு பொருளையும் தொலைத்தவர்.

இளமையில் அவர் விரும்பியது மருத்துவக் கல்வி. தோக்கியோ மருத்துவப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு அவருடைய வயது இரண்டாண்டு கூடியிருந்தது. பிறந்த ஆண்டை 1870 எனப் பதிவேட்டில் திருத்திக்கொண்டு தேர்வெழுதி வெற்றியும் பெற்றார். வயதைத் திருத்தும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆகவே இதனை அவர் தம் நூலில் மறையாது கூறியிருப்பதை நாம் முறுவலோடு படிக்கலாம். ஆனால் பள்ளியிற் சேர ஒரு தடை இருந்தது. அது அவர் தலையிலிருந்த குடுமி. குடுமியைக் களைய வேண்டும் என்பது மெய்ஜி அரசின் ஆணை. ஒகினாவாவின் பழங்குடியினர்க்கோ குடுமி ஆண்மையின் அடையாளம். பறிபோன தம் நாட்டின் எச்சம். குடும்பத்தார் ஒருப்படவில்லை. மருத்துவக் கனவு அங்கேயே முடிந்தது.

ஆயினும் அக்குடுமி நெடுநாள் நிலைக்கவில்லை. 1888இல் தொடக்கப் பள்ளியில் துணையாசிரியர் பணி கிடைத்தபோது அதனைக் களைந்தே ஆகவேண்டியிருந்தது. களைந்தபின் பெற்றோரைக் காணச் சென்றார். தந்தையார் சினந்து குமுறினார். தாயார் மகனின் முகத்தைப் பார்க்கவே மாட்டாராய்ப் பின்கட்டு வாயில் வழியே வெளியேறிவிட்டார். பழமையையும் புதுமையையும் இணைக்கப் பிற்காலத்தில் முயன்ற அவர், அதற்குரிய விலையை முதன்முதல் செலுத்தியது அன்றுதான்.

இனி அவர் கலை பயின்ற முறையைக் காண்போம். தொடக்கப் பள்ளியில் உடன்படித்த மாணவன் ஒருவனின் தந்தையார் அசாட்டோ என்பவர். ஷுரியின் உயர்குடியினரான அவர் கைப்போரில் ஈடிணையற்றவர் எனப் பெயர் பெற்றவர். அக்காலத்தில் இக்கலை வெளிப்படையாகப் பயிலப்பெறவில்லை. இரவு வந்தபின், கையில் மங்கிய விளக்கோடு இருளில் நெடுந்தொலைவு நடந்து ஆசான் வீட்டை அடைவார் ஃபுனகோஷி. விடியுமுன் திரும்புவார். இளைஞன் இராப்பொழுதில் எங்கோ சென்று வைகறையில் மீள்வதைக் கண்ட அயலார், அவன் தகாத இடத்திற்குச் செல்வதாகவே ஐயுற்றனர். உண்மையைச் சொல்லவும் வழியில்லை.

கற்பித்தல் முறையோ கடுமையானது. எதிரியைக் கற்பனையில் நிறுத்தித் தனியொருவனாகச் செய்யும் அசைவுத் தொடரை ஜப்பானியர் காட்டா என்பர். நம் சிலம்ப ஆசான்கள் வரிசை என்று சொல்வதற்கு அது நெருங்கியது; நாமும் வரிசை என்றே சொல்வோம். ஒரே வரிசையை இரவிரவாக, திங்கள் கணக்கில் செய்யவேண்டும். அசாட்டோ திண்ணையில் நிமிர்ந்து அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொரு முறை என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து சொல் வருவது அரிது. பாராட்டு அதனினும் அரிது. அசாட்டோவின் நண்பரான இட்டோசுவிடமும் ஃபுனகோஷி பயின்றார். நைஹான்சி என்னும் மூன்று வரிசைகளைக் கற்கவே பத்தாண்டு சென்றதாக அவர் எழுதியுள்ளார். மூன்று திங்களில் இடைவாரின் நிறம் மாறவில்லையே என வருந்தும் நம் பிள்ளைகள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

வரிசைகளுக்கு வெளியேயும் அவர் பயிற்சி நடந்தது. கடும்புயல் வீசிய ஒரு நாளில் அவர் வீட்டுக் கூரைமீதேறி, கோரைப்பாய்த் தட்டு ஒன்றை இரு கைகளாலும் முன்னே பிடித்து, கால்களை அகல ஊன்றிக் காற்றை எதிர்த்து நின்றார் என ஒரு செய்தி உண்டு. காற்று அவரைத் தரையில் தள்ளியது. மீண்டும் ஏறி நின்றார். மழை பெய்த தரையின் சேறு உடலெங்கும் அப்பியிருந்ததாம்.

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் அவருடைய திங்கள் ஊதியம் மூன்று யென். உண்ணும் வாய்களோ பத்து. பதவி உயர்வு பெற வேண்டுமாயின் தொலைத்தீவுகளுக்குச் செல்லவேண்டும். சென்றால் ஆசான்களைப் பிரியவேண்டும். ஆகவே உயர்வை விலக்கி ஷுரியிலேயே தங்கினார். இம்முடிவின் சுமையைத் தாங்கியவர் அவருடைய மனைவியார். கைக்குழந்தையை முதுகிற் கட்டிக்கொண்டு வயல்வேலை செய்தார். இரவில் கண்விழித்துத் துணி நெய்தார். அடகுக் கடைக்கும் அவரே சென்றார். சலிப்புற்ற வேளையில் தாமும் வரிசைகளைச் செய்து உடல்நலம் பேணுவார். அக்கம்பக்கத்தார் பூசலிட்டால் விலக்கித் தீர்ப்பதில் கணவரைவிட அவரே வல்லவர் எனக் கணவரே எழுதியுள்ளார். கலை வரலாறுகள் இத்தகைய பெண்டிரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அவ்வாறு கடக்க நமக்கு மனமில்லை.

அவ்விளமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். மாமனார் இல்லத்தில் முன்னோர்க்குப் படைப்பதற்காகப் பயற்றுப் பூரணம் வைத்த பணியாரங்களை எடுத்துக்கொண்டு அவர் இரவில் நடந்து சென்றார். வழியில் இருவர் மறித்து மிரட்டினர். அவர்களை வீழ்த்துவது அவருக்கு அரிய செயலன்று. எனினும் கையிலிருந்த பணியாரப் பொதியைக் கொடுத்துவிட்டு நடந்தார். மறுநாள் ஆசான்களிடம் இதனைக் கூறினார். அவர்கள் இகழவில்லை, மகிழ்ந்தனர். படையலுக்குப் பணியாரம் இல்லையே, என் செய்தாய் என்று மட்டும் வினவினர். நெஞ்சார வணங்கினேன் என்றார் மாணவர். பத்தாண்டுப் பயிற்சியில் கிட்டாத பாராட்டு அன்று கிட்டியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலம் மாறியது. பள்ளிகளைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி ஒருவர் மாணவர்கள் செய்து காட்டிய கைப்போர் வரிசைகளைக் கண்டு வியந்தார். இருளில் மறைந்திருந்த கலை பள்ளி முற்றத்துக்கு வந்தது. இட்டோசு பள்ளிப் பிள்ளைகளுக்கென எளிய வரிசைகளை வகுத்தார். 1921 மார்ச் 6ஆம் நாள், ஐரோப்பா செல்லும் வழியில் ஒகினாவா வந்த இளவரசர் ஹிரோஹிட்டோவின் முன் ஷுரிக் கோட்டைப் பேரவையில் நடந்த காட்சிக்கு ஃபுனகோஷி தலைமை தாங்கினார். மறுவருடம் மே திங்களில் ஜப்பானியக் கல்வித்துறை தோக்கியோவில் உடற்பயிற்சிக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. ஒகினாவாவின் கலையை அங்கே விளக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பெற்றது. நிற்கும் நிலைகளையும் கைகால் அசைவுகளையும் காட்டும் படங்களைச் சுருள்களாக்கிக்கொண்டு கப்பலேறினார். சில நாள்களில் ஊர் திரும்புவதே எண்ணம். வயதோ ஐம்பத்து மூன்று.

அவரைத் தோக்கியோவில் நிறுத்தியவர்கள் இருவர். ஒருவர் ஜூடோவின் தந்தை எனப்படும் ஜிகோரோ கானோ. அவர் தம் பயிற்சிக்கூடமான கோடோகானுக்கு ஃபுனகோஷியை அழைத்தார். வணிகக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த கிமா என்னும் ஒகினாவா இளைஞரைத் துணையாகக் கொண்டு, நூற்றுவர் அளவிலான அவையின் முன் ஃபுனகோஷி வரிசைகளைச் செய்து காட்டினார். அன்று இருவரும் அணிந்த வெள்ளுடையைத் துணி வாங்கித் தம் கையாலேயே அவர் தைத்தார் என்பர். கானோ எழுப்பிய நுட்பமான வினாக்கள் அவருக்கு ஊக்கமளித்தன. கறுப்பு இடைவார் முதலிய தகுதி முறைகளைப் பிற்பாடு கானோவின் ஜூடோவிலிருந்தே அவர் எடுத்தாண்டார். அந்நன்றியை அவர் மறக்கவேயில்லை. டிராம் வண்டியில் கோடோகானைக் கடக்கும் போதெல்லாம் எழுந்து தொப்பியைக் கழற்றி வணங்குவார் என்று மாணவர்கள் கூறுவர். மற்றவர் ஓவியர் கொசுகி. ஊர் திரும்ப ஆயத்தமான வேளையில் விடுதிக்கே வந்து, தமக்கும் தம் நண்பர்க்கும் கற்பிக்க வேண்டுமென வேண்டிக்கொண்டார். அவ்வேண்டுகோளுக்கு இசைந்து தங்கியவர் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். மீண்டும் ஒகினாவாவில் குடியமரவே இல்லை.

அம்முதல் ஆண்டுகளின் வறுமை சொல்லுந்தரமன்று. ஒகினாவா மாணவர் தங்கிப் பயிலும் மெய்செய் ஜுகு என்னும் விடுதியில், நுழைவாயிலை ஒட்டிய சிற்றறை ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக விடுதியின் காவலராகவும் தோட்டக்காரராகவும் துப்புரவாளராகவும் அவர் பணிபுரிந்தார். மாணவர்கள் இல்லாத பொழுதில் விரிவுரைக் கூடமே பயிற்சிக்கூடம். உணவுச் செலவைக் குறைப்பதற்காகச் சமையற்காரருக்கும் கராத்தே கற்றுக்கொடுத்தார். ஒருநாள் அவர் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த வேளையில் செய்தியாளர் ஒருவர் வந்து, கராத்தே ஆசிரியர் எங்கே எனக் கேட்டார். சற்றே பொறுங்கள் எனக் கூறி உள்ளே சென்ற முதியவர், துடைப்பத்தை வைத்துவிட்டு முறையான மேலுடை அணிந்து வந்து, தாமே அவ்வாசிரியர் எனத் தெரிவித்துக்கொண்டார். வந்தவரின் முகம் எவ்வாறிருந்தது என்பதை நாம் எண்ணிக்கொள்ளலாம்.

அடகுக் கடை அங்கேயும் அவரை விடவில்லை. பழைய தொப்பியையும் ஒகினாவாவில் கையால் நெய்த ஆடையையும் கொண்டு சென்றார். அவற்றிற்கு யாரும் கொடாத பெருந்தொகையைக் கடைக்காரர் எண்ணி வைத்தார். அக்கடையைச் சார்ந்த இளைஞன் ஒருவன் தம்மிடம் கராத்தே பயில்வது பின்னர்தான் ஆசிரியர்க்குத் தெரியவந்தது.

வந்த ஆண்டிலேயே, 1922இல், தம் முதல் நூலை வெளியிட்டார். ரியூக்யூ கென்போ கராத்தே என்பது அதன் பெயர். தீவின் கென்போவைப் பெருநிலத்தார்க்கு அறிமுகம் செய்த அந்நூலின் அச்சுத் தகடுகள், 1923 செப்டம்பர் முதல் நாள் தோக்கியோவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்தன. மாணவர் சிலரையும் அவர் இழந்தார். பயிற்சி நின்றது, வருவாயும் நின்றது. வங்கி ஒன்றில் உருட்டச்சுக்கான ஸ்டென்சில் தாள்களில் எழுத்துப் பொறிக்கும் வேலையை ஏற்றார். அன்று அவர்க்கு வயது ஐம்பத்தைந்து.

1924இல் கெயோ பல்கலைக்கழகத்தில், செருமானிய மொழிப் பேராசிரியர் ஒருவரின் முயற்சியால் முதல் மாணவர் கராத்தே மன்றம் தோன்றியது. தோக்கியோ, வாசேடா, ஹோசெய், தக்குஷோக்கு முதலிய பல்கலைக்கழகங்கள் தொடர்ந்தன. பல்கலைக்கழகங்களின் வழியாகவே கராத்தே நாடெங்கும் பரவியது. ஆயின் அவருடைய மனத்துயருக்கு விதையானதும் அவ்விளைஞர் கூட்டமேயாகும். பத்தாண்டுக் காலம் ஒரு வரிசையில் தோய்ந்திருக்க அவர்களுக்குப் பொறுமையில்லை. ஒருவரோடொருவர் மோதி வெற்றி தோல்வி காண விழைந்தனர். தோக்கியோப் பல்கலைக்கழக மாணவர்கள் காப்புக் கவசம் அணிந்து மோதத் தொடங்கியபோது, அவர் அம்மன்றத்தை விட்டே விலகினார். அவரிடம் பயின்ற ஒட்சுக்கா போன்றோர் தனிவழி வகுத்துக்கொண்டனர். தீவிலிருந்து வந்த மோட்டோபு என்னும் போர்த்திறலார், ஃபுனகோஷியின் கலை அழகியதே அன்றிப் போருக்கு உதவாது எனும் பொருள்படப் பேசி வந்தார். 1925இல் கிங் என்னும் பெரும் இதழ், அயல்நாட்டுக் குத்துச்சண்டை வீரனை மோட்டோபு வீழ்த்திய கதையை வெளியிட்டது. படத்தில் வரையப்பெற்ற முகமோ ஃபுனகோஷியினுடையது! மோட்டோபுவின் சினத்தை அது எவ்வளவு மூட்டியிருக்கும் எனச் சொல்லவேண்டுவதில்லை.

தமிழ்த்துறை மலராதலின், ஒரு சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம். கராத்தே என்பதில் தே என்றால் கை. கரா என்னும் ஒலிக்கு எழுத்து இரண்டு உண்டு. ஒன்று சீனத்தின் டாங் பேரரசைக் குறித்து, சீனத்தையே சுட்டுவது; மற்றது வெறுமையைக் குறிப்பது. நம் புலவர்கள் சிலேடையில் கண்ட இன்பம் அவ்வொலியிலும் உண்டு. தீவில் பெரிதும் வழங்கியது சீனக் கை என்னும் எழுத்து. ஃபுனகோஷி அதனை மாற்றி வெறுங்கை என எழுதலானார். அதனோடு நெறி எனப் பொருள்படும் தோ என்பதையும் சேர்த்து, 1935இல் தம் பெருநூலுக்குக் கராத்தே தோ கியோஹான் எனப் பெயரிட்டார். வரிசைகளின் தீவுப் பெயர்களையும் ஜப்பானியப் பெயர்களாக்கினார். படைக்கலமற்ற கை என்பதோடு, தன்முனைப்பு அற்ற உள்ளம் என்பதும் வெறுமைக்குப் பொருள் என விளக்கினார்.

ஒகினாவாவின் மூத்தோர் பலர் இதனை வன்மையாகக் கண்டித்தனர். தம் முன்னோர் இட்ட பெயரை மாற்ற இவர் யார் என வினவினர். அவர்கள் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. சீனத்தோடு ஜப்பான் பகைமை பூண்டிருந்த காலம் அது. சீனப் பெயர் தாங்கிய கலை தோக்கியோவில் தழைக்க இயலாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆகவே அம்மாற்றம் மெய்யுணர்வால் மட்டும் விளைந்ததன்று. காலத்திற்கு இணங்கிய செயலுமாகும் என்பதே நம் கருத்து. எனினும் 1936 அக்டோபரில் நாஹா நகரில் கூடிய தீவின் ஆசான்களும் வெறுங்கை என்னும் எழுத்தையே ஏற்றனர். மயிரைக் களைந்து கல்வியைப் பரப்பிய அவர், எழுத்தைக் களைந்து கலையைப் பரப்பினார். முதலாவதற்குத் தாய் முகம் திருப்பினார். இரண்டாவதற்குத் தாய்நாடு முகம் சுளித்தது.

இடையே ஒன்று. இக்கலை தமிழகத்திலிருந்து சென்ற போதிதர்மரால் சீனத்திற் பிறந்தது என நம் மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். தென்னிந்தியத் துறவி சீனம் சென்றதைச் சொல்லும் பழைய குறிப்பு உண்டு; அவரைப் பாரசீகப் பக்கத்தவர் எனக் கூறும் குறிப்பும் உண்டு. ஷாவோலின் மடத்துப் போர்க்கலையை அவர் தோற்றுவித்தார் என்பது மிகப் பிற்காலத்துக் கதை. ஃபுனகோஷியும் அதனைக் கேள்விவழி மரபாகவே குறித்தார். நாமும் அவ்வளவில் நிறுத்திக்கொள்வதே தக்கது.

1930களின் பிற்பகுதியில், மாணவர்கள் நாடெங்கும் திரட்டிய பொருளால் தோக்கியோவின் ஸோஷிகயாவில் அவருக்கெனத் தனிப் பயிற்சிக்கூடம் எழுந்தது. அப்போது அவர் எழுபதை நெருங்கியிருந்தார். இளமையில் ஷுரியை அடுத்த குன்றின் தேவதாரு மரங்களிடையே உலவுவது அவர் வழக்கம். காற்று அம்மரங்களில் எழுப்பும் அலையோசையை நினைந்து, கவிதை எழுதுங்கால் ஷோட்டோ எனப் புனைபெயர் பூண்டார். அப்பெயரே கூடத்திற்கு ஷோட்டோகான் என அமைந்தது. ஓவியர் கொசுகி வரைந்த புலி அதன் சின்னமாயிற்று. கற்பித்தலைப் பெரிதும் ஏற்றவர் மகன் கிகோ. இளமை முதலே காசநோயால் நலிந்த உடல்; அவ்வுடலில் அடங்காத வேகம். தாழ்ந்த நிலைகளையும் உயர்ந்த உதைகளையும் புகுத்தி, தந்தையின் அடக்கமான முறையை அவர் பெரிதும் மாற்றினார். இன்று ஷோட்டோகான் எனப் பயிலப்பெறுவதில் மகனின் கை தந்தையினதைவிடக் குறைந்ததன்று.

1945ஆம் ஆண்டு அனைத்தையும் வாரிக்கொண்டு போயிற்று. வான்தாக்குதலில் ஷோட்டோகான் எரிந்தது. ஒகினாவாப் போரில் ஷுரிக் கோட்டை இடிந்து மண்ணாயிற்று. நவம்பரில் கிகோ மறைந்தார். போர்க்களம் சென்ற மாணவர் பலர் திரும்பவில்லை.

மனைவியாரைப் பற்றி மீண்டும் சொல்லவேண்டும். கணவர் தோக்கியோவில் காலூன்றியபின் பலமுறை அழைத்தும் அவர் செல்லவில்லை. முன்னோர் நினைவிடங்களைப் பேணும் கடமையை விட்டு வாரார் என்பது அவர் கூறிய காரணம். இருபதாண்டுக்கு மேல் இருவரும் கடலின் இருகரையில் வாழ்ந்தனர். போர் ஒகினாவாவைச் சுட்டெரித்தபின் அவர் ஏதிலியாகக் கியூஷுத் தீவின் ஓயிட்டாவை அடைந்தார். எழுபத்தேழு வயதுக் கணவர் அங்கே சென்று அவரோடு சேர்ந்தார். கீரை பயிரிட்டும் கடற்பாசி பொறுக்கியும் இருவரும் நாள் கடத்தினர். ஈராண்டுக்குள், 1947இல், அவ்வம்மையார் கண் மூடினார். அவருடைய சாம்பலை ஏந்திய கலத்தோடு ஃபுனகோஷி தோக்கியோவுக்குத் தொடர்வண்டி ஏறினார். செய்தியறிந்த பழைய மாணவர்கள் வழியில் நிலையந்தோறும் வந்து நின்றனர்.

எண்பது அகவையில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். 1949இல் மாணவர்கள் ஜப்பான் கராத்தே சங்கத்தை நிறுவியபோது அவரே தலைமை ஆசானாக விளங்கினார். அமெரிக்க விமானப்படையினர் வந்து கற்றுச் சென்றனர். கலை மேலை நாடுகளுக்குச் சென்ற வழிகளுள் அதுவும் ஒன்று.

அக்காலத்தில் ஒருநாள் இரவு தனியே வீடு திரும்பிக்கொண்டிருந்தார். விளக்குக் கம்பத்தின் பின்னிருந்து ஒருவன் பாய்ந்து அவர் கைக்குடையைப் பறிக்க முயன்றான். முதியவரின் கை, எண்ணம் எழுமுன்னே விரைந்து அவனுடைய உயிர்நிலையைப் பற்றியது. அவன் அசைய மாட்டாது துடித்தான். அவ்வழியே வந்த காவலரிடம் அவனை ஒப்படைத்தார். வீரச்செயல் எனப் பிறர் கொண்டாடத்தக்க அந்நிகழ்ச்சி அவரை வருத்தியது. போரிலிருந்து மீண்டு வேலையின்றி அலையும் ஏழையாக அவன் இருத்தல் கூடும். அச்சமுற்ற அவனைத் தாம் தாக்கியிருக்க வேண்டா. பிறர்க்குத் தாம் கற்பித்ததைத் தாமே மீறினோம் என நாணினார். பணியாரப் பொதியைக் கொடுத்துவிட்டு நடந்த இளைஞர் இவரேதான். அக்குடையை மட்டும் ஏனோ அவரால் கொடுக்க இயலவில்லை. பார்த்தவர் எவரும் அதனைக் குற்றமாக எழுதவில்லை. 1956இல் வெளியான தம் வாழ்க்கை நூலில் அவரே எழுதிவைத்தார்.

1957 ஏப்ரல் 26ஆம் நாள், எண்பத்தெட்டாம் அகவையில் அவர் காலமானார். இறுதிச் சடங்கை முன்னின்று நடத்துவது யார் என்பதில் மாணவர்க்குள் பூசல் மூண்டது. சங்கத்தார் ஒருபுறமும் ஷோட்டோகாய் குழுவினர் மறுபுறமுமாகப் பிரிந்தனர்; அப்பிளவு ஆறவேயில்லை. அவர் விரும்பாத கராத்தேப் போட்டியைச் சங்கத்தார் நாடளாவிய அளவில் நடத்தியதும் அதே 1957ஆம் ஆண்டில்தான். 2021இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் கராத்தே முதன்முதலாக இடம்பெற்றபோது, ஆடவர் தனிவரிசைப் பிரிவில் பொற்பதக்கம் பெற்றவர் ஒகினாவாவைச் சேர்ந்த ரியோ கியூனா. மோதல் இல்லாத, வரிசை மட்டுமே உள்ள பிரிவு அது.

1968இல், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, காமகுரா நகரின் எங்காகு மடத்தில் ஷோட்டோகாய் குழுவினர் அவருக்கு நினைவுக்கல் நாட்டினர். கராத்தே அறிந்தவன் முதற்கையை ஓங்கலாகாது என்னும் அவர் போதனை மடத்துத் தலைவரின் கையெழுத்தில் அதில் பொறிக்கப்பெற்றுள்ளது.